ஆய்வேட்டுக்கு எந்த டெம்ப்ளேட்: நிறுவனம் தந்ததா, சீனியர் கோப்பா, நாமே செய்ததா?

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய உட்காருபவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நிறுவனம் கொடுக்கும் டெம்ப்ளேட்டில் நேராக எழுதலாம். பட்டம் வாங்கிப் போன சீனியரின் கோப்பை வாங்கி, அவர் எழுதியதை அழித்துவிட்டு அதில் நிரப்பலாம். வெற்றுக் கோப்பில் ஸ்டைல்களை, அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி போன்றவற்றை ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்புகளை, தானே அமைத்துச் சொந்த டெம்ப்ளேட் செய்துகொள்ளலாம். அல்லது இப்போதைக்கு எழுதுவோம், வடிவமைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடலாம். பலர் யோசிக்காமலே போய்ச் சேர்வது இந்த நான்காவது வழியில்தான். நான்கிலும் அதிக நேரத்தைத் தின்பதும் அதுவே.

பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓரம், எழுத்தளவு, வரி இடைவெளி போன்ற அளவுகளை நிறுவனத்தின் விதிமுறையிலிருந்து எடுங்கள். ஸ்டைல்களை நீங்களே அமையுங்கள். நிறுவனத்தின் டெம்ப்ளேட் கீழே வரும் சோதனையில் தேறினால் மட்டும் அதிலேயே எழுதுங்கள்.

இதற்குக் காரணம், மென்பொருளுக்குத் தோற்றம் புரியாது என்பதுதான். 16 புள்ளி அளவில் தடித்த எழுத்தில் நடுவே நிறுத்திய வரி உங்கள் கண்ணுக்குத் தலைப்பு. வேர்டுக்கு அதுவும் மற்றொரு பத்தி. பொருளடக்கம், இயல் எண், ‘படம் 3.2ஐக் காண்க’ போன்ற குறுக்குச்சுட்டு, இடப்பக்கம் திறக்கும் நேவிகேஷன் பேன், பிடிஎஃப்பில் வரும் புக்மார்க் என எல்லாமே பத்தியோடு ஒட்டியிருக்கும் ஸ்டைலைத்தான் பார்க்கின்றன. ஸ்டைல் இல்லாத ஆய்வேட்டில் இவை அனைத்தையும் கையால் செய்ய வேண்டும். நெறியாளர் இரண்டாம் இயலில் ஒரு படத்தைச் சேர்க்கச் சொன்னால், அதற்குப் பின் வரும் எண்களை எல்லாம் மறுபடியும் கையால் மாற்ற வேண்டும்.

நிறுவனத்தின் டெம்ப்ளேட்: எழுதும் முன் சோதியுங்கள்

நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது என்பதாலேயே ஒரு டெம்ப்ளேட் ஒழுங்காக அமைக்கப்பட்டது என்று ஆகிவிடாது. டெம்ப்ளேட் என்ற பெயரில் கிடைப்பது பல நேரம் ஒரு மாதிரி ஆய்வேடுதான். தாளில் அழகாக இருக்கும். உள்ளே எல்லாம் கையால் தட்டியதாக இருக்கும். பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஹோம் பட்டையில் இருக்கும் பத்திக்குறிப் பொத்தானை அழுத்தி, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் செய்யுங்கள். இயல் தலைப்புக்கு மேலே வெற்றுப் பத்திகள் வரிசையாக நின்றால், என்டர் தட்டித் தட்டித்தான் அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். பொருளடக்கத்தின் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். அடுத்து, இயல் தலைப்பில் கர்சரை வைத்து ஸ்டைல் பட்டியலில் எந்தப் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். ஹெடிங் 1 என்று இருக்க வேண்டும். நார்மல் என்று இருந்தால் அது தலைப்பே இல்லை. தலைப்பின் எண்ணைச் சொடுக்குங்கள். தானியங்கி எண் சாம்பல் நிறம் காட்டும், அதற்குள் கர்சர் நுழையாது. கையால் தட்டிய எண்ணுக்குள் நுழைந்துவிடும்.

இவற்றில் எதையும் மறைக்க முடியாத சோதனை ஒன்று உண்டு. ஸ்டைல் பட்டியலில் ஹெடிங் 1 மீது வலச்சொடுக்கி, மாடிஃபை போய், எழுத்தைச் சிவப்பாக்குங்கள். எல்லா இயல் தலைப்புகளும் சிவந்தால் டெம்ப்ளேட் சரியாக இருக்கிறது. சில சிவந்து சில கறுப்பாகவே நின்றால், அந்தச் சில இடங்களில் ஒன்று ஸ்டைலே இடவில்லை, இல்லாவிட்டால் ஸ்டைலுக்கு மேல் நேரடியாக நிறம் கொடுத்திருக்கிறார்கள். உரைக்கான பாடி டெக்ஸ்ட், படவிளக்கத்துக்கான கேப்ஷன், அடிக்குறிப்புக்கான ஃபுட்நோட் டெக்ஸ்ட் ஆகியவற்றுக்கும் இதையே செய்து பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

தேறிய டெம்ப்ளேட்டைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முகப்புத் தாள், உறுதிமொழிப் பக்கம், சான்றிதழ்ப் பக்கம் எல்லாம் அலுவலகம் எதிர்பார்க்கும் வடிவிலேயே வந்துவிடும். மேல் பட்டையில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்று தெரிந்தால் மட்டும் ஃபைல், இன்ஃபோ, கன்வர்ட் வழியே இன்றைய வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேறாத டெம்ப்ளேட்டிலிருந்து அளவுகளைக் குறித்துக்கொண்டு, முன்பக்கங்களின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுங்கள். விதிமுறைக் கையேடு ஒன்றும் டெம்ப்ளேட் வேறொன்றும் சொன்னால், எது செல்லும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஓர அளவு தவறு என்று திரும்பி வரும் ஆய்வேட்டில், அதன் பின் வரும் பக்க எண்கள் எல்லாமே இடம் மாறும்.

சீனியர் கோப்பு

இது சுருக்குவழி போலத் தோன்றும். அவர் ஆய்வேடு ஏற்கப்பட்டதுதானே, அதே கோப்பு நமக்கும் போதாதா என்று நினைப்போம். ஏற்கப்பட்டது அச்சான தாள். கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பல வருடத் திருத்தங்களில் சேர்ந்த தேவையற்ற ஸ்டைல்கள், இணையத்திலிருந்து ஒட்டியபோது கூடவே வந்த நார்மல் வெப் போன்றவை, அறுந்துபோன குறுக்குச்சுட்டுகள், அவருடைய மேற்கோள் நூலகத்தோடு இணைந்த புலங்கள் (மென்பொருள் தானே நிரப்பும் இடங்கள்) என எல்லாம் உங்களிடம் வந்து சேரும். கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயராக அவர் பெயரே நிற்கும். உங்கள் ஆய்வேட்டின் பிடிஎஃப்பில் இன்னொருவர் பெயர் தெரிவது எத்தனை சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இதில் உண்டு. பழைய கோப்பு பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால், அதில் சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்; எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. வேறு எழுத்துரு கொண்ட ஸ்டைலை இட்ட உடனே பத்தி முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். பொருளடக்கத்திலும் பக்கத் தலைப்பிலும் அதே கதிதான். அப்படிப்பட்ட உரை உங்களிடம் இருந்தால், ஸ்டைல் வேலையைத் தொடும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் மெய்ப்புப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறியிருக்கும்.

சீனியரிடம் கேட்க வேண்டியது பிடிஎஃப். ஏற்கப்பட்ட பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அதுவே போதும்.

சொந்த டெம்ப்ளேட்

ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை இது. ஆனால் முதல் இயலுக்கு முன்பே செய்ய வேண்டும். வேர்டில் வெற்றுக் கோப்பைத் திறந்து முதலில் தாளையும் ஓரங்களையும் அமையுங்கள். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், கட்டுக்காக இடப்பக்கம் 4 செ.மீ., வலப்பக்கம் 2.5 செ.மீ. விட்டால் எழுத்துக்கு 14.5 செ.மீ. கிடைக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். அட்டவணைகளையும் படங்களையும் இந்த அகலத்துக்குள் அடக்க வேண்டும்.

பலர் தவறுவது அடுத்த படியில். உரைக்கு நார்மல் ஸ்டைலைப் பயன்படுத்தாதீர்கள். ஹெடிங், கேப்ஷன், ஹெடர், அடிக்குறிப்பு என்று வேர்டின் பெரும்பாலான ஸ்டைல்களுக்கு நார்மல்தான் தாய். அதில் இரட்டை வரி இடைவெளியும் முதல்வரி உள்தள்ளலும் கொடுத்தால், அட்டவணைக் கட்டங்களுக்குள்ளும் அவை புகுந்துவிடும். பிறகு ஒவ்வொரு அட்டவணையையும் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். நார்மலில் எழுத்துருவையும் எழுத்தளவையும் மட்டும் வையுங்கள். வரி இடைவெளி, உள்தள்ளல், பத்திக்குப் பின் வரும் இடம் எல்லாவற்றையும் பாடி டெக்ஸ்ட் ஸ்டைலில் கொடுத்து, உரை முழுவதற்கும் அதையே பயன்படுத்துங்கள். வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இந்தப் பிரிவு முன்பே இருக்கிறது: டிஃபால்ட் பேராகிராஃப் ஸ்டைல் தாய், பாடி டெக்ஸ்ட் (பழைய பதிப்புகளில் டெக்ஸ்ட் பாடி) உரைக்கானது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். தமிழை இந்த மென்பொருள்கள் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற வகையில் வைக்கின்றன. ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்குத் தனியாக ஓர் எழுத்துருவும் அளவும் இருக்கும். மாடிஃபை பெட்டியில் ஃபார்மட், ஃபான்ட் போய் இரண்டையும் நிரப்புங்கள். ரைட்டரில் ஆப்ஷன்ஸில் உள்ள மொழி அமைப்புகளில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கினால்தான் அந்தப் பகுதி கண்ணில் படும். ஆங்கில அளவை மட்டும் மாற்றிவிட்டு ‘14 கொடுத்தும் தமிழ் பெரிதாகவில்லையே’ என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

வரி இடைவெளியில் 1.5 என்று கொடுத்தால் அது எழுத்தளவின் ஒன்றரை மடங்கு ஆகாது. அந்த எழுத்துருவின் இயல்பான வரி உயரத்தின் ஒன்றரை மடங்கு. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இந்த உயரம் கூடுதல் என்பதால், தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்தியில் வரிகள் சீராக நிற்காது. எக்ஸாக்ட்லி என்பதைத் தேர்ந்து புள்ளிக் கணக்கில் ஓர் அளவு கொடுத்தால் சீராகும். 12 புள்ளி எழுத்துக்கு 21 அல்லது 22 புள்ளியில் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் அப்படி அமைத்த பத்தியில் படத்தைச் செருகினால் படத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும். ஆகவே படம் வைக்கும் பத்திக்கென்று தனி ஸ்டைல் செய்யுங்கள்: ஒற்றை வரி இடைவெளி, நடுவில் நிறுத்தல், கீப் வித் நெக்ஸ்ட் இயக்கம். கடைசியில் சொன்னது படத்தையும் அதன் கீழ்வரும் விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் பிடித்து வைக்கும்.

தலைப்புகளுக்கு வேர்டின் ஹெடிங் 1, 2, 3 ஆகியவற்றையே திருத்திக்கொள்ளுங்கள்; சொந்தப் பெயரில் புதிதாகச் செய்ய வேண்டாம். படங்களுக்கு இயல் எண் சேர்க்கும் வசதிக்கு உள்ளமைந்த ஹெடிங் ஸ்டைல்கள் மட்டுமே தெரியும். ஹெடிங் 1இல் பேஜ் பிரேக் பிஃபோர் இயக்கிவிட்டால் ஒவ்வொரு இயலும் தானாகப் புதுப் பக்கத்தில் தொடங்கும். அடுத்த பத்திக்கான ஸ்டைலாகப் பாடி டெக்ஸ்ட் கொடுங்கள். எழுதும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1, 2, 3 தட்டினால் அந்தந்த ஹெடிங் வரும்.

எண்களைப் பத்திகளின் மேல் நேராக இடாமல், மல்ட்டிலெவல் லிஸ்ட் பொத்தானில் டிஃபைன் நியூ மல்ட்டிலெவல் லிஸ்ட் திறந்து, மோர் அழுத்தி, முதல் மட்டத்தை ஹெடிங் 1உடனும் இரண்டாம் மட்டத்தை ஹெடிங் 2உடனும் இணையுங்கள். முதல் மட்டத்தில் எண்ணுக்கு முன் ‘இயல்’ என்று தட்டிக்கொள்ளலாம். இயல் எண் ரோமன் எண்ணாக இருக்க வேண்டும் என்று விதி சொன்னால், கீழ்மட்டங்களுக்கு லீகல் ஸ்டைல் நம்பரிங் இயக்குங்கள், 2.1 என்பது ரோமனும் சாதாரண எண்ணும் கலந்து வராமல் இருக்கும். ஆனால் படங்களின் எண்ணில் மட்டும் ரோமன் வந்து நிற்கும். விதி கட்டாயப்படுத்தாதவரை சாதாரண எண்ணே தொல்லை இல்லாதது.

நன்றியுரை, ஆய்வுச் சுருக்கம் போன்றவற்றுக்கு எண் கிடையாது, ஆனால் பொருளடக்கத்தில் வர வேண்டும். இவற்றுக்கு நார்மலை அடிப்படையாகக் கொண்டு ஒரு ஸ்டைல் செய்து, ஹெடிங் 1இன் தோற்றத்தைக் கொடுத்து, பேராகிராஃப் பெட்டியில் அவுட்லைன் லெவல் 1 வையுங்கள். வேர்டின் இயல்பான பொருளடக்கம் இந்த மட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். பின்னிணைப்புக்கு ஹெடிங் 7ஐ ஒதுக்குவது நெடுநாள் பழக்கம். அதே பட்டியலில் ஏழாம் மட்டத்தை ‘பின்னிணைப்பு’ என்ற சொல்லோடு அமைத்து, ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர் என்பதை அணைத்துவிட்டு, பொருளடக்க ஆப்ஷன்ஸில் அதற்கு மட்டம் 1 கொடுங்கள். பின்னிணைப்பில் வரும் அட்டவணைகளுக்குத் தனி லேபிள் செய்து, கேப்ஷனின் எண் அமைப்பில் இயல் தொடங்கும் ஸ்டைலாக ஹெடிங் 7ஐக் கொடுத்தால்தான் அவற்றுக்கும் எண் சரியாக வரும்.

மாடிஃபை பெட்டியில் ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஹெடிங்குகளிலும் உரையிலும் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இயக்கத்தில் இருந்தால், ஒரே ஒரு பத்தியை நடுவில் நிறுத்தும்போது அந்த ஸ்டைலில் இருக்கும் எல்லாப் பத்திகளும் நடுவுக்குப் போய்விடும். பொருளடக்க ஸ்டைல்களில் மட்டும் அது இயல்பாகவே இயங்கும். அதை அப்படியே விடலாம்.

முடித்ததும் சேவ் ஆஸில் வேர்ட் டெம்ப்ளேட் வகையைத் தேர்ந்து சேமியுங்கள். அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் டெம்ப்ளேட் திறக்காமல், அதன் அமைப்போடு புதுக் கோப்பு ஒன்று திறக்கும். டெம்ப்ளேட்ஸ் அண்ட் ஆட் இன்ஸ் பெட்டியில் ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் டாக்குமென்ட் ஸ்டைல்ஸ் என்று இன்னொரு கட்டம் உண்டு. இயல்களைத் தனித்தனிக் கோப்பாக எழுதும்போது இது கை கொடுக்கும்: டெம்ப்ளேட்டில் ஒருமுறை மாற்றினால், ஒவ்வொரு கோப்பும் அடுத்த முறை திறக்கும்போது அதை எடுத்துக்கொள்ளும். இறுதிக் கோப்பில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அந்தக் கோப்பில் செய்த ஸ்டைல் திருத்தங்களை டெம்ப்ளேட் மேலெழுதிவிடும்.

பக்க எண்: வேர்டும் ரைட்டரும் பிரிகிற இடம்

முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண், முதல் இயலிலிருந்து 1, 2, 3 என்பது பரவலான விதி. இரண்டு மென்பொருளிலும் இது முடியும், ஆனால் போகும் வழி வேறு.

வேர்டில் பக்க அமைப்பு, கோப்பைப் பிரிக்கும் பகுதியான செக்‌ஷனுக்கு உரியது. முன்பக்கங்களின் முடிவில் லேஅவுட், பிரேக்ஸ், நெக்ஸ்ட் பேஜ் கொடுங்கள். இரண்டாம் செக்‌ஷனின் ஃபுட்டரை இருமுறை சொடுக்கி, முதலில் லிங்க் டு ப்ரீவியஸை அணையுங்கள். அதன் பிறகுதான் எண்ணைத் தொட வேண்டும். எண்ணின் வடிவமும் தொடக்கமும் செக்‌ஷனோடு நிற்கும். ஃபுட்டரின் உள்ளடக்கமோ இணைப்பு வழியே முந்தைய செக்‌ஷனுக்கும் போகும். இணைப்பை அணைக்காமல் இங்கே எண்ணை அழித்தால் முன்பக்கங்களிலும் அழியும். ஹெடருக்கும் ஃபுட்டருக்கும் இணைப்பு தனித்தனி. முதல் பக்கம், இரட்டைப்படைப் பக்கம் என்று பிரித்திருந்தால் அவற்றுக்கும் தனித்தனி. ஒன்றை மறந்தாலும் எங்கோ ஒரு பக்கத்தில் எண் காணாமல் போகும். செக்‌ஷன் பிரேக்கை அழிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். ஒரு செக்‌ஷனின் அமைப்பு அதன் முடிவில் இருக்கும் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை அழித்தால் முன்னிருந்த பக்கங்கள் பின்வரும் செக்‌ஷனின் அமைப்பைப் பெறும். அகலமான அட்டவணைக்காக ஒரு பக்கத்தைக் கிடைமட்டமாக்கியவர், அதற்கு முன்னால் இருக்கும் பிரேக்கை அழித்துவிட்டால் இயல் முழுவதும் கிடைமட்டமாகிவிடுவது இதனால்தான்.

ரைட்டரில் பக்கத்துக்கே ஸ்டைல் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அது வேர்டைவிட மேல் என்று தயங்காமல் சொல்லலாம். எஃப்11 தட்டி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, முன்பக்கம், இயல் முதல் பக்கம், இயல் பக்கம் என்று மூன்று பக்க ஸ்டைல்கள் செய்யுங்கள். முதலாவதற்கு ரோமன் எண் வடிவம். இரண்டாவதற்கு அடுத்த ஸ்டைலாக மூன்றாவது. பிறகு ஹெடிங் 1 ஸ்டைலின் டெக்ஸ்ட் ஃப்ளோ பகுதியில், முன்னால் பேஜ் பிரேக், அதோடு இயல் முதல் பக்கம் என்ற பக்க ஸ்டைல் என்று குறித்துவிட்டால் வேலை முடிந்தது. தலைப்பைத் தட்டி ஹெடிங் 1 கொடுத்ததும் புதுப் பக்கம், எண்ணில்லாத தொடக்கப் பக்கம், அடுத்த பக்கத்திலிருந்து ஹெடர் எல்லாம் தாமே அமையும். எண் 1இல் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் முதல் இயலின் தலைப்புப் பத்தியில் நேரடியாகக் கொடுங்கள். அதை ஸ்டைலில் வைத்தால் ஒவ்வொரு இயலும் 1இலிருந்தே தொடங்கும்.

அப்படியானால் ரைட்டர்தானா?

அது உங்கள் கையில் மட்டும் இல்லை. நெறியாளர் எதில் திருத்துகிறார் என்று முதலில் கேளுங்கள். அவர் வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் (திருத்தங்களைத் தனியாகக் காட்டும் வசதி) போட்டு அனுப்புபவர் என்றால் நீங்களும் வேர்டிலேயே இருங்கள். ரைட்டரின் ஓடிடி கோப்பை டிஓசிஎக்ஸாக மாற்றி அனுப்பி, திருத்தி வந்ததை மறுபடி மாற்றும்போது, பக்க ஸ்டைல்கள் செக்‌ஷன்களாகச் சிதையலாம். படங்களின் எண்களும் குறுக்குச்சுட்டுகளும் உயிரிழந்து வெறும் எழுத்தாகலாம். இரண்டு மூன்று சுற்றில் நீங்கள் அமைத்த ஒழுங்கு கலைந்துவிடும். நெறியாளர் அச்சுத்தாளில் பேனாவால் திருத்துபவர், அல்லது பிடிஎஃப்பில் குறிப்பு எழுதுபவர் என்றால் ரைட்டரைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

மேற்கோள்களைச் சேமித்து உரையில் இடும் ஜோட்டெரோ மென்பொருள் இரண்டிலும் வேலை செய்கிறது. இடையில் மென்பொருள் மாற நேர்ந்தால், கோப்பை மாற்றும் முன் ஜோட்டெரோவின் டாக்குமென்ட் ப்ரிஃபரன்ஸில் வேறு சொற்செயலிக்கு மாறும் தேர்வைப் பயன்படுத்த வேண்டும். தவறினால் மேற்கோள்களின் இணைப்பு அறுந்துவிடும். துணைநூற்பட்டியலின் தொங்கல் உள்தள்ளலையும் பிப்ளியோகிராஃபி ஸ்டைலில்தான் மாற்ற வேண்டும். பட்டியலில் நேரடியாக மாற்றினால் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும்.

கூகுள் டாக்ஸ் இயல்களின் முதல் வரைவுக்கும் கூட்டுத் திருத்தத்துக்கும் நல்லது. ஆனால் ஹெடிங் 1 முதல் 6 வரை, டைட்டில், சப்டைட்டில், நார்மல் டெக்ஸ்ட் தவிர நீங்களாக ஒரு ஸ்டைலைப் பெயரிட்டுச் செய்ய முடியாது. மேற்கோள் பத்திக்கும் அட்டவணை உரைக்கும் படவிளக்கத்துக்கும் தனி ஸ்டைல் கேட்கும் ஆய்வேட்டுக்கு இது போதாது. அங்கே எழுதினாலும் ஹெடிங்குகளை மட்டும் ஒழுங்காக இட்டுவிட்டு, இறுதி வடிவத்தை வேர்டிலோ ரைட்டரிலோ அமையுங்கள்.

சமன்பாடுகள் பக்கத்துக்குப் பக்கம் வருகிற ஆய்வேடு என்றால் கட்டளைகளை எழுதிப் பக்கத்தை அமைக்கும் லாடெக்கைப் பரிசீலிக்கத்தான் வேண்டும். ஸ்டைல் என்ற ஒழுக்கம் அங்கே கட்டாயம். தப்பித்துப் போக வழியில்லை. தமிழ் உரைக்கு ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் எஞ்சின் வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும், வேர்டில் திருத்தும் நெறியாளருக்கு அனுப்பவும் எளிய வழியில்லை. சமர்ப்பிப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது அதற்குத் தாவ வேண்டாம்.

ஒரே கோப்பா, இயலுக்கு ஒன்றா?

வேர்டில் ஒரே கோப்பே மேல். 300 பக்கத்தை அது தாங்கும். கோப்பைக் கனமாக்குவது பெரும்பாலும் அளவு குறைக்காமல் செருகிய படங்கள். தனித்தனிக் கோப்புகளில் ஓர் இயலிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்குச்சுட்டு போடவும் முடியாது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வேர்டின் மாஸ்டர் டாக்குமென்ட் வசதி கோப்பைச் சிதைப்பதற்குப் பேர்போனது, அதைத் தொடவே வேண்டாம். ரைட்டரின் மாஸ்டர் டாக்குமென்ட்டை நம்பலாம், எல்லா இயல்களும் ஒரே டெம்ப்ளேட்டில் பிறந்திருந்தால். ஏற்கெனவே பிரித்து எழுதியிருந்தால் வேர்டில் இன்சர்ட், ஆப்ஜெக்ட், டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல் வழியே சேருங்கள். பெயர் ஒன்றான ஸ்டைல்கள் சேரும் கோப்பின் அமைப்பை ஏற்றுக்கொள்ளும். பெயர் வேறான ஸ்டைல்கள் அந்நியமாக உள்ளே நுழையும்.

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு

மீட்க முடியும். உரை முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் ஸ்பேஸ் தட்டி வடிவமைப்பைத் துடைப்பது மட்டும் வேண்டாம். நூற்பெயர்களின் சாய்வெழுத்தும் உயிரினப் பெயர்களின் சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடும். மாறாக, ஒரு தலைப்பில் கர்சரை வைத்து, ஹோம் பட்டையின் செலக்ட் பொத்தானில் ஒரே மாதிரி வடிவமைப்புள்ள உரையைத் தேர்ந்தெடுக்கும் வரியை அழுத்துங்கள். தோற்றத்தில் ஒத்த தலைப்புகள் எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். அவற்றுக்கு ஹெடிங் 2 கொடுங்கள். ஒரு மட்டம் முடிந்ததும் அடுத்த மட்டம். கையால் தட்டிய எண்கள் தானியங்கி எண்ணோடு இரட்டையாக நிற்கும், அவற்றை நேவிகேஷன் பேனைப் பார்த்தபடி அழித்துக்கொண்டே போகலாம். கடைசியாக ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் இரட்டைப் பத்திக்குறிகளை ஒற்றையாக்குங்கள்.

ஸ்டைல் இட்ட பின் சில பத்திகளில் தடித்த எழுத்து மறைவதும் சிலவற்றில் நிற்பதும் குழப்பும். பத்தியின் பாதிக்கு மேற்பட்ட பகுதிக்கு நேரடி வடிவமைப்பு இருந்தால் வேர்ட் அதை நீக்கிவிடும்; பாதிக்குக் குறைவு என்றால், வேண்டுமென்றே அழுத்தம் கொடுத்தது என்று விட்டுவிடும். சந்தேகமான பத்தியில் ஷிஃப்ட் எஃப்1 தட்டினால் எது ஸ்டைலிலிருந்து வருகிறது, எது நேரடியாக இட்டது என்று பிரித்துக் காட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் கன்ட்ரோல் ஏ, எஃப்9 தட்டி எல்லாப் புலங்களையும் புதுப்பியுங்கள். பொருளடக்கம் கேட்கும்போது முழு அட்டவணையையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பொருளடக்கமே ஒரு பக்கம் நீண்டிருக்கலாம் என்பதால் இரண்டாம் முறையும் தட்டுங்கள். அடிக்குறிப்புகளை இந்தத் தேர்வு தொடாது. அவற்றில் குறுக்குச்சுட்டு இருந்தால் அடிக்குறிப்புப் பகுதிக்குள் போய்த் தனியாகச் செய்ய வேண்டும். பிறகு ‘எரர்’ என்ற சொல்லின் ஆங்கில வடிவத்தைக் கோப்பு முழுவதும் தேடுங்கள். அழிக்கப்பட்ட தலைப்பையோ படத்தையோ சுட்டிய இடங்கள் அதில் சிக்கும். பிடிஎஃப்பை அச்சுப்பொறி வழியாக எடுக்காமல் சேவ் ஆஸ் வழியாக எடுத்து, ஆப்ஷன்ஸில் ஹெடிங்குகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்கும் கட்டத்தைக் குறியுங்கள். நிறுவனம் காப்பகப் பிரதி கேட்டால் அதே பெட்டியில் பிடிஎஃப்/ஏ தேர்வும் இருக்கிறது. ரைட்டரில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் பெட்டியில் இரண்டுமே உண்டு.